கொதிப்பும் அழற்சியும்: உயர் இரத்த அழுத்தத்தில் இதயச் சுவர்

உயர் இரத்த அழுத்தத்துக்குத் தமிழ் மக்கள் நெடுநாளாக வழங்கிவந்த பெயர் இரத்தக் கொதிப்பு. கோபக்காரருக்கு வரும் நோய் என்ற எண்ணம் அப்பெயரோடு ஒட்டிக்கொண்டே வந்ததால் மருத்துவர்கள் அதை அவ்வளவாக விரும்புவதில்லை. இரத்தம் கொதிப்பதில்லை, குழாய்ச் சுவரின் மீது அது செலுத்தும் விசைதான் கூடுகிறது என்று திருத்திச் சொல்வது அவர்கள் வழக்கம். கம்பம் பள்ளத்தாக்கில் இன்று அந்தப் பழஞ்சொல்லும் தேய்ந்து, கூடலூர் முதல் ஆண்டிபட்டி வரை ‘பிரஷர்’ என்ற ஒற்றைச் சொல்லே நிலைத்துவிட்டது. ஆனால் அண்மைக்கால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்ப்பவருக்கு, ஒதுக்கப்பட்ட பழம்பெயரில் ஓர் உண்மை தற்செயலாக அகப்பட்டிருப்பது புலப்படும். அழற்சி என்னும் சொல் அழல் என்னும் சொல்லிலிருந்து வருவது. அழல் என்றால் நெருப்பு. அடிபட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிப்பதைக் குறிக்க மருத்துவத் தமிழ் அமைத்துக்கொண்ட சொல் அது. உயர் அழுத்தத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கும் இதயத்தின் சுவருக்குள்ளும் அத்தகைய நெருப்பு ஒன்று, சிவப்பும் வலியும் வெளியே தெரியாத தணலாகக் கனன்றுகொண்டிருக்கிறது; அத்தணலின் ஊடே திசுவுக்குச் சொந்தமான நொதிகளே, அதாவது உடலின் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்களே, சுவரைப் பிரித்து வேறுவிதமாகக் கட்டிவிடுகின்றன. கைப்பட்டை காட்டும் எண்ணுக்கும் இதயத்துக்கு நேரும் கேட்டுக்கும் நடுவே நிகழும் இந்த வேலைதான் இவ்வுரையின் பொருள்.

தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து வரும் முல்லைப் பெரியாற்று நீர், லோயர்கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்கும் இராட்சத இரும்புக் குழாய்களைக் குமுளிச் சாலையில் சென்ற எவரும் பார்த்திருப்பர். மலையுச்சியில் குறைவாக இருக்கும் நீரழுத்தம் அடிவாரத்தை நெருங்க நெருங்கக் கூடும் என்பதால், அத்தகைய குழாய்களின் சுவரைக் கீழே வரவரக் கனமாக அமைப்பது பொறியியலில் இயல்பான முறை. அந்தக் கனத்தை வரைபடத்திலேயே கணித்துவிடலாம். இதயத்தின் இடது கீழறைக்கு அந்த வசதி இல்லை. உடல் முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளும் அந்த அறையின் சுவர் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ளது; எதிர்த்து நிற்கும் அழுத்தம் ஏறினால், ஒரு கணமும் வேலையை நிறுத்தாமல், துடித்துக்கொண்டே தன் சுவரைத் தானே தடிப்பாக்கிக்கொள்ள வேண்டும். அழுத்தம் கூடும்போது சுவரும் தடித்தால், சுவரின் ஒவ்வொரு பகுதியும் தாங்கும் இழுவிசை பழைய அளவுக்கே வந்துவிடும் என்பது இயற்பியல் கணக்கு. இக்கணக்கின்படி தடித்த இதயம் நல்ல இதயமாக இருக்க வேண்டும். மல்யுத்தக்காரரின் இதயம் தடிப்பதும் பிரஷர்காரரின் இதயம் தடிப்பதும் ஒன்றாக முடிவதில்லை என்பதே இக்கணக்கில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்பதற்குப் போதிய சான்று. விட்டுப்போனது தசையில் இல்லை, தசைக்கு இடையில் இருப்பதில் உள்ளது.

நோயின் பரப்பைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2020இல் நடந்த மாநில அளவிலான ஆய்வில், வயது வந்தோரில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதும், அவர்களுள் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காட்டினர் மட்டுமே என்பதும் தெரியவந்தன. மூவரில் ஒருவர் என்ற முதல் எண்ணைவிட இரண்டாம் எண்ணே அச்சம் தருவது. க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி உட்பட, எந்த மருத்துவமனையின் புறநோயாளர் வரிசையிலும் காணக்கூடிய ஒரு வகை நோயாளரை மருத்துவர்கள் நன்கறிவர். மாடிப்படி ஏறினால் மூச்சு இரைக்கிறது, இரவில் இரண்டு தலையணை வேண்டியிருக்கிறது, மாலையில் கணுக்கால் வீங்குகிறது. எக்கோ எடுத்துப் பார்த்தால் இதயத்தின் ‘பம்பிங்’ அறுபது விழுக்காடு என்று வருகிறது. பம்பிங் நன்றாக இருக்கும்போது இதயம் எப்படிச் செயலிழக்கும் என்று உடன் வந்தவர்கள் கேட்பது நியாயமே. சுருங்குவதில் அந்த இதயத்துக்குக் குறையில்லை, விரிவதில்தான் குறை. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே இளகி, நுரையீரலிலிருந்து வரும் இரத்தத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய அறை விறைத்துப் போயிருப்பதால், இரத்தம் நுரையீரலில் தேங்கி மூச்சை அடைக்கிறது. இந்த விறைப்பு எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி.

விடையை உருப்பெருக்கியில் பார்க்கலாம். இதயத் தசையின் மெல்லிய சீவலுக்கு மேசன் முச்சாயம் ஏற்றினால் தசைச் செல்கள் சிவப்பாகவும், அவற்றைப் பிணைக்கும் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் நீலமாகவும் தெரியும். நலமான இதயத்தில் நீலம் மிகக் குறைவு. சிவப்புக் கற்றைகளைச் சுற்றி நூலிழையாகவும், சிறு இரத்தக் குழாயைச் சுற்றி மோதிரம் போலவும் ஓடும். மொத்தப் பரப்பில் நூற்றுக்கு நான்கு பங்கைத் தாண்டாது. நெடுங்காலம் மருந்தின்றி இருந்த உயர் அழுத்தக்காரரின் சீவலில் அந்த மோதிரங்கள் பட்டையாகத் தடித்து, அங்கிருந்து நீல விரல்கள் தசைச் செல்களுக்கு இடையே நீண்டு, ஒரு செல்லை அடுத்த செல்லிலிருந்து பிரித்து நிற்கும். சிவப்புச் செல்களும் பருத்துத்தான் இருக்கும். ஆனால் கண்ணை முதலில் இழுப்பது நீலமே. மாரடைப்பில் செத்த தசையின் இடத்தை நிரப்பும் தழும்புக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. இங்கே செத்த இடம் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை; உயிரோடு இருக்கும் தசைக்குள்ளேயே தழும்பு முளைத்திருக்கிறது. மருத்துவர் இதை நார்த்திசுப் பெருக்கம் என்பர்.

இந்த நீல நாரின் அமைப்பை உலகுக்குச் சொன்ன இடம் சென்னை என்பதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும், கங்காருவின் வால் நாணை எக்ஸ்-கதிரால் ஆராய்ந்து, கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்பதை 1954இல் வெளியிட்டனர். அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் அவ்வாய்வோடு தொடர்புடையதாக இருந்தது வியப்பன்று. மாட்டுத்தோல் என்பதும் பெரும்பகுதி கொலாஜனே. தோல் பதனிடுவோர் ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலை ஊறவைப்பது அதன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து, அழுகாமலும் எளிதில் அறுபடாமலும் செய்வதற்காக. வேதிமுறை வேறாயினும், இதயத்துக்குள்ளும் ஒருவகைப் பதனீடு நடக்கிறது. லைசில் ஆக்சிடேஸ் என்னும் செம்பு கலந்த நொதி ஒன்று, புதிதாக உருவான கொலாஜன் கயிறுகளுக்கு இடையே குறுக்குக் கட்டுகளைப் போடுகிறது. ஸ்பெயின் நாட்டு நவாரா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், உயர் அழுத்தத்தால் செயலிழந்த இதயங்களில் இந்நொதி கூடியிருப்பதையும், கொலாஜனின் மொத்த அளவைவிடக் குறுக்குக் கட்டுகளின் மிகுதியே இதய அறையின் விறைப்போடு நெருங்கிப் பொருந்துவதையும் காட்டியிருக்கின்றனர். பச்சைத் தோலுக்கும் செருப்புத் தோலுக்கும் உள்ள வேறுபாடு அது.

இராயப்பன்பட்டியிலோ சுருளிப்பட்டியிலோ பன்னீர் திராட்சைப் பந்தலின் கீழ் நின்றவர்களுக்கு இதயத்தின் கொலாஜன் வலையை விளக்குவது எளிது. கல்தூண்களின் தலையில் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிய கம்பிதான் கொடியைத் தாங்குகிறது. கம்பி இல்லையேல் கொடி தரையில் சரியும், ஆனால் காய்ப்பது கொடியே அன்றிக் கம்பியன்று. தசைச் செல்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு செல்லின் சுருக்கத்தையும் ஒன்றுகூட்டி ஒரே இறுக்கமாக்குவது கொலாஜன் வலை. இந்த உவமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும்: பந்தல் கம்பி ஒருமுறை கட்டினால் பல ஆண்டு கிடக்கும், இதயத்தின் கம்பி ஓயாமல் அவிழ்க்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது. இதயக் கொலாஜனில் பாதி கரைந்து புதுப்பிக்கப்பட 80 முதல் 120 நாள் ஆகும் என்பது மதிப்பீடு. திராட்சைக் கொடியைக் கவாத்து செய்து அறுவடைக்குக் காத்திருக்கும் காலம் ஏறத்தாழ அவ்வளவே. ஆகவே இதயத்தின் பந்தலில் கம்பி கட்டுவோரும் உண்டு, அவிழ்ப்போரும் உண்டு. கட்டுவது நார்ச்செல் என்னும் நாரிழை உருவாக்கும் செல், அவிழ்ப்பது நொதி. இருவருக்கும் கூலி கொடுத்து வேலை வாங்குவது அழற்சி.

அவிழ்க்கும் நொதி கண்டுபிடிக்கப்பட்ட கதை வயலுக்குரியது. ஜூன் மாதத்தில் பெரியாற்று நீர் திறக்கப்பட்டு, பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் தொழி உழவு நடக்கும் நாள்களில், வரப்போரத்துத் தேங்கிய நீரில் தலைப்பிரட்டைகள் நெளிவதைப் பிள்ளைகள் பார்க்கின்றனர்; சில வாரத்தில் அவை தவளையாகி வரப்பேறும்போது வால் இருப்பதில்லை. வால் அறுந்து விழுவதில்லை, கரைந்து போகிறது. அந்த வாலின் திசுவைப் பிணைத்திருப்பது கொலாஜன். சாதாரணச் செரிமான நொதிகளுக்கு அசையாத அந்த முறுக்குக் கயிறு, உடல் வெப்பநிலையிலேயே எப்படிக் கரைகிறது என்ற கேள்வியோடு ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாப்பியர் என்னும் இருவர் பாஸ்டன் நகரில் தலைப்பிரட்டை வால்துண்டுகளைக் கொலாஜன் கூழின் மீது வைத்துப் பார்த்தனர். துண்டைச் சுற்றிக் கூழ் உருகி வட்டமாகத் தெளிந்தது. 1962இல் அவர்கள் வெளியிட்ட அந்த நொதியின் குடும்பம் இன்று இருபதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களோடு, துத்தநாக அணுவை நடுவில் கொண்டு வெட்டும் மெட்டலோபுரோட்டினேஸ்கள் என்று அறியப்படுகிறது. எல்லாத் திசுவிலும் அவை உறையிலிட்ட கத்தியாக, செயலற்ற வடிவில் கிடக்கின்றன. வெள்ளையணுக்கள் வெளியிடும் ஆக்சிஜனேற்றப் பொருள்கள் உறையைக் கழற்றுகின்றன. கத்தியின் பிடியை இறுக்கி நிறுத்த, திசுத் தடுப்பான்கள் என்னும் வேறு புரதங்களும் அருகிலேயே உண்டு.

வெட்டும் நொதி கூடினால் கொலாஜன் குறைய வேண்டும், இதயம் இளக வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. உயர் அழுத்த இதயத்தில் வெட்டும் நொதியும் கூடியிருக்கிறது, கொலாஜனும் கூடியிருக்கிறது. நெடுநாள் ஆய்வாளரைக் குழப்பிய இந்த முரண், கவாத்தை நினைத்தால் ஒருவாறு விளங்கும்: வெட்டுவது குறைப்பதற்காக மட்டும் அன்று, துளிர்க்க வைப்பதற்காகவும்தான். கொலாஜன் வெட்டுப்படும்போது சிதறும் துணுக்குகள் வெள்ளையணுக்களைத் தம் பக்கம் இழுக்கின்றன. வந்த வெள்ளையணுக்கள் வளர்ச்சிக் காரணிகளை, குறிப்பாக உருமாற்றும் வளர்ச்சிக் காரணி பீட்டா என்னும் புரதத்தை, வெளியிட்டு நார்ச்செல்லைத் தூண்டுகின்றன. நார்ச்செல், வெட்டுப்பட்டதைவிட அதிகமாகப் புதிய நாரைக் கட்டுகிறது. வெட்டுப்படுவது நன்றாக அமைந்த பழைய வலை, கட்டப்படுவது ஒழுங்கற்ற, குறுக்குக் கட்டு மிகுந்த புதிய வலை. தொடக்க ஆண்டுகளில் தடுப்பான்களின் கை ஓங்கி நார் குவிகிறது; நோய் முற்றிய இதயத்தில் வெட்டும் நொதிகளின் கை ஓங்கி, வலை நைந்து, தடித்திருந்த அறை பின்னர் ஊதிப் பெருக்கிறது. ஒரே மனிதரின் இதயம் முதலில் விறைப்பதும் பின்பு தொளதொளத்துப் போவதும் இவ்வாறே.

வெள்ளையணுக்கள் இதயத்துக்குள் ஏன் வருகின்றன? கிருமி இல்லை, காயம் இல்லை. 1960களிலேயே அமெரிக்காவின் கிரால்மன் என்பவரின் குழு, உயர் அழுத்தமுள்ள எலியின் நிணநீர்க் கணுச் செல்களை நலமான எலிக்கு மாற்றினால் அதற்கும் அழுத்தம் ஏறுவதைக் கண்டது. உயர் அழுத்தம் சிறுநீரகத்தின் விவகாரம் என்று எல்லோரும் நம்பியிருந்த காலத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2007இல் குசிக், ஹாரிசன் முதலியோர், நோய் எதிர்ப்பு அணுக்களான டி-செல்லும் பி-செல்லும் பிறவியிலேயே இல்லாத சுண்டெலிகளுக்கு அழுத்தத்தைக் கூட்டும் ஆஞ்சியோடென்சின்-2 என்னும் சிறு புரதத்தைச் செலுத்தினர். மற்றச் சுண்டெலிகளுக்கு ஏறியது போல் இவற்றுக்கு அழுத்தம் ஏறவில்லை. டி-செல்களை மட்டும் திருப்பிக் கொடுத்தவுடன் ஏறியது. அழற்சி உயர் அழுத்தத்தின் விளைவு மட்டும் அன்று, அதன் காரணங்களுள் ஒன்று என்ற கருத்து அன்றிலிருந்து வலுப்பெற்றது. மனிதரிலும் இதற்கு இசைவான குறிப்புகள் உண்டு: 20,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களை ஏறத்தாழ எட்டாண்டு தொடர்ந்து, 2003இல் வெளியான ஆய்வில், அழற்சியின் அடையாளமான சி-வினைப் புரதம் இரத்தத்தில் மிகுந்திருந்தவர்களுக்குப் பின்னாளில் உயர் அழுத்தம் வரும் வாய்ப்பும் மிகுந்திருந்தது. ஆயினும் சுண்டெலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே ஏற்றிச் சொல்லும் உற்சாகம் மருத்துவ எழுத்தில் அதிகம் என்பதையும் கருத வேண்டும்.

உப்பு இங்கே புதிய முகத்தோடு வருகிறது. உப்பு நீரைப் பிடித்து வைத்து இரத்தத்தின் அளவைக் கூட்டுகிறது என்பது பழைய விளக்கம், அது பொய்யாகிவிடவில்லை. அதற்கு மேல், உப்பு மிகுந்த சூழலில் டி-செல்கள் அழற்சியைக் கிளறும் ஒரு வகையாக மாறுகின்றன என்று 2013இலும், மிகுந்த உப்பு சுண்டெலியின் குடலில் வாழும் ஒருவகை லாக்டோபாசிலஸ் நுண்ணுயிரைக் குறைத்து அதன் வழியாக அதே டி-செல்களைப் பெருக்குகிறது என்று 2017இலும் கண்டறியப்பட்டது. பின்னதில், பன்னிரண்டு ஆண்களுக்கு நாளொன்றுக்கு 6 கிராம் உப்பைக் கூடுதலாகப் பதினான்கு நாள் கொடுத்துப் பார்த்தபோது, அழுத்தமும் அந்த டி-செல்களும் கூடின. பழைய சோற்றின் பெருமை பேசுவோர் லாக்டோபாசிலஸ் என்ற பெயரைக் கேட்டவுடன் மகிழ்ந்துவிடக் கூடும். ஆய்வு அவ்வளவு தூரம் செல்லவில்லை, தவிரவும் பழைய சோற்றுக்குத் துணையாகத் தட்டில் வருவது ஊறுகாயும் மோர்மிளகாயும் சுட்ட கருவாடும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறை. சென்னை நகரத்து வயது வந்தோரிடம் முன்பு நடந்த ஓர் ஆய்வில் சராசரி 8.5 கிராமாக இருந்தது. வெயிலில் வியர்த்து உழைப்பவருக்கு உப்பு கூட வேண்டும் என்ற நம்பிக்கை பள்ளத்தாக்கில் வலுவாக இருப்பினும், வியர்வையில் போவதைவிட ஊறுகாய்ச் சாடியிலிருந்து வருவது பெரும்பாலும் அதிகம்.

கட்டும் பக்கத்துக்கும் வெட்டும் பக்கத்துக்கும் பொதுவான மேஸ்திரி ஆஞ்சியோடென்சின்-2. அதை உருவாக்கும் வழி நொதிகளின் வழி. 1898இல் ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றில் அழுத்தத்தை ஏற்றும் ஒரு பொருளைக் கண்டு ரெனின் என்று பெயரிட்டனர். ரெனின் ஒரு நொதி. கல்லீரல் தரும் பெரிய புரதத்திலிருந்து ஆஞ்சியோடென்சின்-1 என்னும் துண்டை அது வெட்டியெடுக்கிறது. அத்துண்டின் வாலில் இரண்டு அமினோ அமிலங்களை நறுக்கி, வீரியமுள்ள ஆஞ்சியோடென்சின்-2 ஆக்குவது மாற்றும் நொதி. இது இரத்தத்தில் நடக்கும் வேலை என்றே முதலில் எண்ணப்பட்டது. உண்மையில் உடலிலுள்ள மாற்றும் நொதியில் பத்தில் ஒன்பது பங்கு திசுக்களில், குழாய்களின் உட்பூச்சிலும் இதயத்திலும் சிறுநீரகத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போதாததற்கு, 1990இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் உராத்தாவும் உசைனும் அவர்கள் குழுவினரும் மனித இதயத்திலிருந்து கைமேஸ் என்னும் வேறொரு நொதியைப் பிரித்தெடுத்தனர். ஒவ்வாமையில் பெயர்பெற்ற மாஸ்ட் செல்கள் சுமந்து திரியும் அந்த நொதியும் அதே நறுக்கு வேலையைச் செய்யவல்லது. அழற்சியால் மாஸ்ட் செல்கள் கூடும் இடத்தில் கைமேஸும் கூடும், மெட்டலோபுரோட்டினேஸ்களின் உறையையும் அது கழற்றும். ஆக, இரத்தத்தில் எடுக்கும் எந்தப் பரிசோதனைக்கும் அகப்படாமல், இதயம் தனக்குள்ளேயே தன் ஆஞ்சியோடென்சினைக் காய்ச்சிக்கொள்ள முடிகிறது. அந்த ஆஞ்சியோடென்சின் குழாயைச் சுருக்குவதோடு நிற்பதில்லை. நார்ச்செல்லைத் தூண்டுகிறது, வெள்ளையணுவை அழைக்கிறது, ஆல்டோஸ்டிரோன் என்னும் உப்பைப் பிடித்துவைக்கும் ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது.

இந்த நொதியை மடக்கும் மருந்து பாம்பு நஞ்சிலிருந்து வந்தது. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சைக் கொண்டு ரோச்சா இ சில்வாவும் அவர் குழுவினரும் 1949இல், குழாய்களைத் தளர்த்தும் பிராடிகைனின் என்னும் பொருளைக் கண்டனர். அவருடைய மாணவர் செர்ஜியோ ஃபெரைரா, அதே நஞ்சில் பிராடிகைனினைச் சிதையவிடாமல் காக்கும் துணுக்குகள் இருப்பதைக் கண்டார். பிராடிகைனினைச் சிதைக்கும் நொதியும் ஆஞ்சியோடென்சினை மாற்றும் நொதியும் ஒன்றே என்பது பின்னர் தெளிந்தது. அத்துணுக்கின் அமைப்பைப் பின்பற்றி குஷ்மனும் ஒண்டெட்டியும் வடிவமைத்த காப்டோபிரில் 1981இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. அதன் தம்பிதான் அரசு மருத்துவமனைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் எனலாப்ரில். இக்குடும்பத்து மருந்துகள் இரத்த அழுத்த எண்ணை இறக்குவதோடு சுவரையும் திருத்துகின்றனவா என்ற கேள்விக்கு, 2000இல் ஜெர்மனியில் பிரில்லாவின் குழு நேரடியான விடை தேடியது. உயர் அழுத்த இதய நோயாளிகளின் இதயத்திலிருந்து கடுகளவு திசுவைக் கிள்ளி எடுத்து, ஆறு மாதம் மருந்து கொடுத்து, மீண்டும் கிள்ளிப் பார்த்தபோது, நீரிறக்கி மட்டும் பெற்றவர்களிடம் குறையாத நார், லிசினோபிரில் பெற்றவர்களிடம் குறைந்திருந்தது; இதயம் இளகுவதும் சற்று மேம்பட்டிருந்தது. ஆய்வு சிறியது, குறைவும் சிறியதே. ஆயினும் தழும்பு பின்வாங்கும் என்பதை உயிருள்ள மனித இதயத்தில் கண்ணால் காட்டியதற்கு இணையான சான்று அதிகம் இல்லை.

அழற்சியையோ வெட்டும் நொதியையோ நேராக அடித்தால் என்ன என்ற யோசனைகள் இதுவரை பெற்ற மதிப்பெண் குறைவு. மாரடைப்புக்குப் பின் மெட்டலோபுரோட்டினேஸைத் தடுக்கும் மருந்து கொடுத்த ஆய்வு ஒன்று 2006இல் பயனின்றி முடிந்தது. கவாத்துக் கத்தியை முற்றாகப் பிடுங்கினால் தோட்டம் நன்றாகிவிடாது என்பதே அதற்குக் கொடுக்கக்கூடிய எளிய விளக்கம். 10,061 பேர் பங்கேற்ற ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. இன்டர்லூகின்-1 பீட்டா என்னும் அழற்சித் தூதுவரை முடக்கும் ஊசி, மாரடைப்பு முதலியவற்றை 15 விழுக்காடு குறைத்தது. ஆனால் இரத்த அழுத்தம் இறங்கவில்லை, உயிர்போக்கும் தொற்றுகள் கூடின, விலையோ சொல்லத் தரமன்று. கால்கிசின் என்னும் பழைய மூட்டுவாத மருந்து இதயக் குழாய் நோயில் சில ஆய்வுகளில் வென்று, 2024இல் வெளியான பெரிய ஆய்வில் தோற்றது. கால்கிசினைத் தரும் செடிகளுள் ஒன்று செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கத்து உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் அதைக் கொடியேற்றி விதையை ஏற்றுமதிக்கு விற்கின்றனர். பக்கத்து மாவட்டத்தில் இதய மருந்து விளைகிறது என்று சொல்வது கேட்க இனிமையாக இருக்கும். அச்செடியின் ஒவ்வொரு பாகமும் நஞ்சு என்பதையும், அக்கிழங்கைத் தின்று இறந்தவர்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் பலர் என்பதையும் அதே மூச்சில் சொல்லாவிட்டால் அந்த இனிமை கேடாகும்.

ஆகவே உயர் அழுத்த இதயத்தில் அழற்சியையும் நொதியையும் அடக்க இன்று கையிலிருக்கும் கருவி புதிய ஊசியன்று, விலை குறைந்த பழைய மாத்திரை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் அதை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகின்றனர். எனினும் பள்ளத்தாக்கின் வாழ்க்கை முறை அதற்குத் தடைபோடும் இடங்கள் உண்டு. கம்பம், தேவாரம், போடி ஊர்களில் விடியுமுன்பே ஜீப்புகள் வரிசைகட்டி, கம்பமெட்டுக்கும் போடிமெட்டுக்கும் மேலே இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிச் செல்கின்றன. தன்னார்வலர் பகலில் வரும்போது வீடு பூட்டியிருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் அன்றைய கூலி போகும். மாத்திரை தீர்ந்த பின் தலைவலியோ கிறுகிறுப்போ இல்லையென்றால் ‘பிரஷர் இறங்கிடுச்சு’ என்பது முடிவு. அப்படி மாத்திரையின்றிக் கழியும் மூன்று நான்கு மாதம், சுவரின் கொலாஜனில் பாதி புதிதாகக் கட்டப்படும் காலம்.

மாத்திரை நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது இந்நொதியின் கதைக்குள்ளேயே அடங்கியது. மாற்றும் நொதியை மடக்கினால் ஆஞ்சியோடென்சின் குறைவதோடு, அதே நொதி சிதைக்க வேண்டிய பிராடிகைனின் நுரையீரலில் தேங்கும். எனலாப்ரில் உண்போரில் நூற்றுக்கு ஐந்து முதல் இருபது பேருக்கு இதனால் சளியில்லாத வறட்டு இருமல் வருகிறது. இருமல் என்றால் நொதி மடங்கியிருக்கிறது என்று பொருள். ஆனால் அதிகாலைக் குளிரில் மலையேறி, நாள் முழுதும் ஈரத்தில் நின்று ஏலக்காய் பறிப்பவர் அதை மலைக்காற்றின் மீது போடுவதே இயல்பு. மருந்துக் கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடித்தும் நிற்காதபோதுதான் மாத்திரையின் மேல் சந்தேகம் திரும்புகிறது. ஆஞ்சியோடென்சின் போய் ஒட்டும் இடத்தை அடைக்கும் லோசார்டான், டெல்மிசார்டான் போன்ற மாத்திரைகளுக்கு இந்த இருமல் அரிது. மாற்றிக் கொடுத்தால் போதும். மாற்றிக் கேட்காமல் நிறுத்திவிட்டவருக்கு இருமல் சில வாரத்தில் தானே அடங்குகிறது. அடுத்த முறை தன்னார்வலர் வாசலில் நின்று, மாத்திரையால் ஏதும் தொந்தரவு உண்டா என்று கேட்கும்போது, இல்லை என்ற விடை உண்மையாகவே வருகிறது.